எத்தனை வருசமாத் தெரியும்?

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் இறங்கிக் கடைத்தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு மீன்கடை, ஒரு நகைக்கடை, அதற்கடுத்து அக்காவின் மருந்துக்கடை. வாசலிலேயே ஆளுயர அட்டையில் ஒரு ஹாலிவுட் நடிகை, தலைமுடியை ஒரு பக்கமாக வீசியபடி நிற்பார். ஷாம்பூ கம்பனிக்காரர் கொண்டுவந்து வைத்த விளம்பரம். அந்த நடிகையை நம்பி யாராவது ஷாம்பூவைக் கையில் எடுத்தால் போதும், உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்துவிடும்.

"அவவுக்கு உந்த ஷாம்பூவை எத்தனை வருசமாத் தெரியுமாம்?"

வாங்க வந்தவர் திருதிருவென்று விழிப்பார். அக்கா விடமாட்டார். "அவவின்ர தலையைப் பாக்கவே நாலு பேர் நிக்கினம். உங்கட பொடுகுக்கு உது சரிவராது. கீழ்த்தட்டில பாருங்கோ, விலையும் அரைவாசி." வீடு தேடி வந்த வியாபாரத்தை இப்படி விரட்டி விரட்டியே அவர் பல வருடம் கடை நடத்தினார். கடை எப்படி நடந்தது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

குள்ளமான உருவம். வெள்ளைக் கோட்டு. தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடியைக் கடை முழுக்கத் தேடுவார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும், ஆனால் அந்தத் தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. நான் பார்த்த நாளெல்லாம் அவர் கோட்டுப் பையில் தடித்த கறுப்புப் பேனா ஒன்று இருந்தது. மருந்துச் சீட்டுக்கு வேறு பேனா. இந்தக் கறுப்புப் பேனா கையெழுத்துக்கு மட்டும்.

அது என்ன கையெழுத்து என்று சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் புகைப்படத்தின் பின்பக்கத்தில் யாராவது ஒரு கௌரவமான ஆள், 'இது இன்னாருடைய உண்மையான தோற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பித்தாலும் படிவத்தில் அப்படி ஒருவர் வேண்டும். டாக்டரோ மருந்தாளரோ வழக்கறிஞரோ. அகதியாக வந்து இறங்கிய சனத்துக்கு இவர்களில் யாரைத் தெரியும்? அக்காவைத் தெரியும். அதனால் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் எட்மண்டனிலிருந்தும் மனோர் பார்க்கிலிருந்தும்கூடப் படிவத்தோடு இரண்டு பஸ், மூன்று ரயில் மாறி ஆட்கள் வந்தார்கள்.

வந்தவரிடம் அக்கா கேட்கும் முதல் கேள்வியும் அதே கேள்விதான். "எனக்கு உங்களை எத்தனை வருசமாத் தெரியும்?" பாஸ்போர்ட் என்றால் இரண்டு வருடமாவது தெரிந்திருக்க வேண்டும், குடியுரிமை என்றால் மூன்று. அதில் ஒரு வாரம் குறைந்தாலும் பேனா வெளியே வராது. மாம்பழப் பெட்டியோடு வந்த ஒருவர் அப்படித் திரும்பிப் போனது எனக்கு நினைவிருக்கிறது. மாம்பழத்தை அக்கா வாங்கிக்கொண்டார், கையெழுத்துக்கு அடுத்த வருடம் வரச் சொன்னார். எட்மண்டனில் இருந்த அவருடைய சொந்த மச்சாளே கேட்டு வந்தபோதும், "சொந்தக்காரருக்குப் போடேலாது எண்டு அதிலயே எழுதிக் கிடக்கு, வாசிச்சுப் பாரும்," என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மச்சாள் ஒரு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அரசாங்கப் படிவத்தில் ஒரு பொய்யும் எழுதியதில்லை என்பது அக்காவின் பெருமை.

நான் மலேசியாவின் ஈப்போ நகரத்துக்காரி. படிக்க வந்து, படிப்பு முடிந்து, இன்ஷூரன்ஸ் கம்பனி ஒன்றில் வேலைக்கு ஒட்டிக்கொண்டு, ரெய்னர்ஸ் லேனுக்கு வீடு மாறிய இலையுதிர் காலத்தில் இருமல் பிடித்தது. மருந்துக்கடையில் தமிழ் முகத்தைப் பார்த்த சந்தோசத்தில், "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்," என்றேன்.

அக்காவின் முகம் மாறியது. "ஏன் என்னைப் பேசப் போறீர்? நான் என்ன செய்தனான்?"

"இல்லைங்க, சும்மா பேசத்தான்…"

"சும்மாவோ? சும்மா இருக்கிற ஆளை ஏன் பேசோணும்?"

அக்காவின் யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது. நாங்கள் ஏசுவது என்போமே, அது. சாதாரணமாகப் பேசுவதற்கு அவர்களிடம் 'கதைப்பது' இருக்கிறது. இது விளங்க எனக்கு ஐந்து நிமிடமும் இரண்டு இருமலும் ஆயிற்று. விளங்கியதும் அக்கா சிரித்த சிரிப்பில் பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் கடைக்குள் நுழைந்தால், "என்ன, இண்டைக்கு ஆரைப் பேச வந்தனீர்?" என்பதுதான் வரவேற்பு. சனிக்கிழமை மத்தியானம் அங்கே போய் நிற்பது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

மூன்று வருடம் போயிற்று. அந்த வருடம் அமெரிக்காவில் தேர்தல். எங்களுக்கு அதில் வாக்கும் இல்லை, வழக்கும் இல்லை. ஆனால் ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது, யார் வந்தால் என்ன ஆகும் என்று லண்டனில் கறிவேப்பிலை வாங்க வந்தவர்கள்கூடக் கவலைப்பட்டார்கள். மருந்து கட்டும் அறையில் அக்காவிடம் ஒரு சின்ன டிவி இருந்தது. அதில் பாடகர், நடிகர், பந்து விளையாடுகிறவர் என்று தினம் ஒரு நட்சத்திரம் தோன்றி, இன்னாருக்கே என் ஆதரவு என்று அறிவிப்பார். ஒருவர் கொடிக்குத் தலைவணங்குவதுதான் நாட்டுப்பற்று என்பார். இன்னொருவர் அதே கொடிக்குக் கீழே நின்று, ஆட்சியில் இருப்பவரைக் கேள்வி கேட்பதுதான் நாட்டுப்பற்று என்பார். இரண்டு பேருமே தான்தான் அசல் அமெரிக்கன் என்றார்கள்.

அக்காவுக்கு இது பெரிய விருந்து. மருந்துப் பை ஒன்றின் பின்பக்கத்தில், குடியுரிமைப் படிவம் மாதிரியே கட்டம் போட்டு ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தார். 'கிற்றார் பாடகர்: வேட்பாளரை மேடையில் இரண்டு தரம் கண்டவர். மறுக்கப்பட்டது.' 'சண்டைப்பட நடிகர்: ஒரு விருந்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர். மறுக்கப்பட்டது.' 'தொப்பிப் பாடகர்: தொலைபேசியில் மட்டும். மறுக்கப்பட்டது.' 'வேட்பாளரின் மனைவி: கனகாலம் தெரியும், ஆனால் சொந்தக்காரர். மறுக்கப்பட்டது.' தேர்தல் நெருங்குவதற்குள் மூன்று பை நிறைந்துவிட்டது. ஒரு நட்சத்திரமும் தேறவில்லை.

இந்த விளையாட்டை அவரால் விளையாட முடியாத ஒரே ஆள் ஹூஸ்டனில் இருந்த அவருடைய அண்ணன். அங்கே குடியேறி, அந்த நாட்டுப் பிரஜையாகி, நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த செப்டம்பரில் வீட்டு வாசலில் பெரிய அமெரிக்கக் கொடி ஒன்றைக் கட்டியவர். சனாதிபதியின் தீவிர ஆதரவாளர். சனிக்கிழமை காலை நடை முடித்து அவர் அழைக்கும்போது எங்களுக்கு மத்தியானம் இரண்டு மணி. அக்காவின் கை மருந்துப் போத்தலில் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் போன் ஸ்பீக்கரில் கிடக்கும். கடையே அந்த அண்ணனைக் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை அவர் கொதித்துக்கொண்டிருந்தார். காரணம் ஒரு பாடகி. முந்திய வருடம் லண்டன் மேடை ஒன்றில் தன் நாட்டுச் சனாதிபதியைக் குறைகூறி அந்தப் பாடகி ஒரு வாக்கியம் சொல்லப்போக, அமெரிக்காவில் அவருடைய இசைத்தட்டுகளை உடைத்தார்கள். இப்போது மற்ற வேட்பாளருக்காக வேறு மேடை ஏறியிருந்தார்.

"எங்கட சனாதிபதியை வேற நாட்டில போய் நிண்டு பேசினவள்!" என்றது போன். "உவளெல்லாம் ஒரு அமெரிக்கக்காரியோ?"

மூன்று வருடப் பழக்கம் அந்த நேரம் பார்த்து எனக்குக் கைகொடுக்கவில்லை. நான் பாட்டுக்கு, "பேசுனா என்னங்க தப்பு? பாட வந்தவங்க ரெண்டு வார்த்தை பேசக்கூடாதா?" என்றேன்.

போன் அதட்டியது. "ஆரது?"

"மலேசியாப் பிள்ளை, அண்ணை. என்ர கஸ்டமர்," என்றார் அக்கா.

"பிள்ளை, நீர் உம்மட நாட்டைப் பேசுவீரோ?"

"ஐயோ, தினமும் பேசுவேங்க. ஆபிஸ்ல, ரயில்ல, எங்க போனாலும். பேசினாத்தான் மனசுக்கு ஆறுதல்."

"வெளிநாட்டில நிண்டு கொண்டோ?"

"வெளிநாட்டுல இருக்கறதாலதான் அதிகமா பேசுறேன்!"

அக்கா சிரித்ததில் இருமல் மருந்து லேபிள் அவருடைய கோட்டுக் கையில் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்கு விசயத்தை விளக்கினார். அண்ணனும் சிரித்தார். ஆனால் அக்கா அதோடு விடவில்லை.

"அண்ணை, பகிடி கிடக்கட்டும். அம்மா ஆரைப் பேசினவ? எங்களைத்தானே. பக்கத்து வீட்டுப் பிள்ளையளைப் பேசினவவோ? தன்ர எண்டபடியால்தானே பேசினவ. அந்தப் பாடகியும் தன்ர நாடு எண்டபடியால்தான் பேசியிருக்கிறா."

போன் விட்டுக்கொடுக்கவில்லை. "அம்மா வீட்டுக்குள்ள வைச்சுப் பேசினவ. றோட்டில நிண்டு பேசேல்லை."

அக்கா கோட்டுக் கையில் ஒட்டிய லேபிளை உரிக்க ஆரம்பித்தார். அண்ணன் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். "நான் கொடி கட்டின கதை உனக்குத் தெரியாது. அந்தக் கிழமை பெற்றோல் ஸ்டேசனில ஒருத்தன் என்னைப் பிடிச்சு நிப்பாட்டி, நீ எந்த நாட்டுக்காரன் எண்டு கேட்டவன். என்ர மனிசியும் பிள்ளையளும் கார்ல. அண்டு பின்னேரம்தான் கட்டினனான். முதல்ல பயத்திலதான். பிறகு காத்து அடிக்கேக்க அது அசையிறதைப் பாத்துப் பாத்து… இப்ப கழட்டச் சொன்னால் எனக்கு அழுகை வரும்."

போனை வைத்த பிறகு அக்கா அந்த மருந்துப் பையை எடுத்தார். கடைசி வரியில் ஏதோ எழுதி என் பக்கம் திருப்பினார். 'அண்ணை: கொடியை மூன்று வருடமாகத் தெரியும். கையெழுத்துப் போடலாம்.' அந்தப் பட்டியலில் தேறிய ஒரே ஆள் அவர். எனக்கு அன்றைக்கு அக்காவை மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த சனிக்கிழமையே நான் என் படிவத்தோடு போனேன். கம்பனியின் பிரசல்ஸ் கிளையில் வரும் கோடைக்கு ஒரு நல்ல இடம் காலியாகப் போகிறது, ஐரோப்பியப் பாஸ்போர்ட் உள்ளவருக்குத்தான் அது என்று சொல்லிவிட்டார்கள். பிரிட்டன் அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில்தான் இருந்தது. படிவம் நவம்பர் கடைசி வாரத்துக்குள் போனால்தான் கோடைக்குள் குடியுரிமை கைக்கு வரும். மலேசியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, ஒன்றை வாங்கினால் மற்றதை விட்டுவிட வேண்டும். இரண்டு பாஸ்போர்ட்டும் சிவப்புதான், அலமாரியில் நிறம்கூட மாறாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பல இரவு தூக்கம் கெட்டுத்தான் முடிவெடுத்திருந்தேன். என்னை மூன்று வருடம் தெரிந்த கௌரவமான ஆள் லண்டனிலேயே அக்கா ஒருவர்தான். அலுவலக மேலாளர் வந்து சேர்ந்தே ஒன்றரை வருடம்.

அக்கா கறுப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "சும்மா கேக்கிறன், சொல்லும். ஏன் உமக்கு இந்த நாடு?"

நேர்முகத் தேர்வுக்குப் போவதுபோல் நான் தயாராகத்தான் இருந்தேன். பூங்காக்களைச் சொன்னேன். இலவச ஆஸ்பத்திரியைச் சொன்னேன். வரிசையில் நிற்கும் ஒழுங்கை, சிரித்த முகத்தை, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதைச் சொன்னேன்.

"ஒரு பிழையும் இல்லையோ?"

"ஒண்ணும் இல்லக்கா."

பேனாவின் மூடி திரும்பப் போய் மாட்டிக்கொண்டது. "வாசல்ல நிக்கிற ஷாம்பூக்காரி மாதிரிக் கதைக்கிறீர். ஒவ்வொரு நாளும் உந்த ரயில்ல நெரிபட்டு வாற ஆள் இப்பிடிக் கதைக்காது. இந்த ஆளை எனக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்கு நான் போடேலாது."

நான் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் அந்த நடிகை தலைமுடியை வீசிக்கொண்டு நின்றார், அவரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து ரயிலில் இறங்கி எதிர்ப்பக்க நடைபாதையால் போனேன். இருமல் மிட்டாயை அடுத்த ஊரான ஹாரோவில் போய் வாங்கினேன். அந்த வாரம் தேர்தல் முடிவு வந்தது. ஹூஸ்டன் அண்ணனின் ஆள் வென்றார். மற்றப் பக்கத்தில் அவ்வளவு பாடகர்கள் சேர்ந்து பாடியும் பலிக்கவில்லை. அக்காவிடம் போய் இதைக் கதைக்க வேண்டும் என்று கால் தானாகத் தெருவைக் கடக்கப் பார்த்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இன்னும் இரண்டு வாரம் இப்படியே போயிற்று, திங்கட்கிழமை படிவத்தைத் தபாலில் சேர்க்க வேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமை என் ரயில் வழியில் அரை மணி நேரம் நின்றுவிட்டது. ஒரு அறிவிப்பும் இல்லை. எல்லோரும் வாய்மூடிப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ரயில் நகர்ந்ததும் பையிலேயே திரிந்த படிவத்தை வெளியே எடுத்தேன். இறங்கி நேரே மருந்துக்கடைக்குள் நுழைந்தேன். ஒரு வயதான வெள்ளைக்காரர் மட்டும் மருந்துக்காக நாற்காலியில் காத்திருந்தார்.

"அக்கா, நான் பேச வந்திருக்கேன். எங்க ஊருப் பேச்சு இல்ல. உங்க ஊருப் பேச்சு."

அக்கா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"நான் இங்க விருந்தாளிக்கா. விருந்தாளி சாப்பாட்டுல உப்பு இல்லன்னு எப்படி சொல்லுவா? எது சொன்னாலும், பிடிக்கலன்னா போயேன்ம்பாங்க. அதான் பூங்கா நல்லாருக்கு, ஆஸ்பத்திரி நல்லாருக்குன்னு மூணு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன். உங்க அண்ணன் பயத்துல கொடி கட்டுனா அது நாட்டுப்பற்று, கையெழுத்துப் போடலாம். நான் பயத்துல நல்ல வார்த்தை சொன்னா ஷாம்பூக்காரியா? முதல்ல என்னைய வீட்டு ஆளாக்குங்க, அப்புறம் பாருங்க நான் எப்படி ஏசுறேன்னு. இந்த ரயிலை ஏசுவேன். இந்த மழையை ஏசுவேன். என் பேரைக் கடிச்சுத் துப்புற மேனேஜரை ஏசுவேன். நீங்க என்னமோ, ஏசிக் காட்டு, பிறகு போடுறேன்னா, அது எந்த ஊரு நியாயம்? வாரா வாரம் வந்து நிக்கிறேனே, என்னையப் பாத்துத் தெரியாதுன்னு சொல்ல உங்களுக்கு எப்படிக்கா வாய் வந்தது?"

கடைசி வாக்கியத்தில் என் குரல் உடைந்துபோயிற்று. நாற்காலியில் இருந்தவர் பேப்பரை இறக்கி, ஏதாவது பிரச்சினையா, உதவி வேண்டுமா என்று மரியாதையாக அக்காவைக் கேட்டார்.

"ஒன்றுமில்லை, குடும்ப விசயம்," என்றார் அக்கா ஆங்கிலத்தில்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரி. நாட்டைப் பேசக் கையெழுத்து வேணும் எண்டுறீர். அப்ப என்னைப் பேச மட்டும் உமக்கு ஆர் கையெழுத்துப் போட்டது?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்காவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் உதட்டோரம் சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது. "கொண்டா உந்தப் பேப்பரை," என்றார். "ரெண்டு சனிக்கிழமை ஏன் வரேல்லை, மூதேசி? அண்ணை போன்ல மலேசியாப் பிள்ளை எங்க, மலேசியாப் பிள்ளை எங்க எண்டு உயிரை எடுக்கிறார். நான் பிழையாத்தான் சொல்லிப்போட்டன். அதுக்காக இந்த வாசலை மிதிக்காமல் இருப்பியோ? வேற கடையில என்ன மருந்து வாங்கினனி? அதுவும் வேலை செய்யேல்லை, குரலைக் கேக்கத் தெரியுது!"

மூன்று வருடமாக என்னை 'நீர்' என்றே அழைத்தவர் இப்போது 'நீ' என்கிறார் என்பதும், அக்கா என்னைப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

கறுப்புப் பேனா படிவத்தில் இறங்கியது. பெயர், தொழில், முகவரி. எத்தனை வருடமாகத் தெரியும்: மூன்று. அதற்கடுத்த கட்டத்தில் ஒரு கேள்வி இருந்தது. விண்ணப்பதாரரை எந்த வகையில் தெரியும்? அங்கே பேனா நின்றது. அக்கா என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், பேப்பருக்குப் பின்னால் இருந்து எங்களைக் கவனித்துக்கொண்டிருந்த அந்த மனிதரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டென்று 'கஸ்டமர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்தை இழுத்துவிட்டார்.

மை காயும் வரை ஊதினார். படிவத்தை என் கையில் வைத்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"சொந்தக்காரர் போடேலாது எல்லோ. இத்தனை வருசத்தில நான் படிவத்தில எழுதின ஒரே பொய் இதுதான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

இத்தனை நாள் சொல்லாமல்தான் இருந்தேன்.